கேள்வி–பதில்: பீடி சுற்றும் கைகளும் மூடை சுமக்கும் இடுப்பும்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். வலது பெருவிரலின் அடியில் வலி. இரவில் விரல்கள் மரத்துப்போய், எழுந்து கையை உதறுகிறார். கழுத்தையும் திருப்ப முடியவில்லை. “வயசாயிட்டுல்லா” என்கிறார்கள் வீட்டில். இது வயதுக் கோளாறுதானா?
– ஆலங்குளம் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: வயதின் மேல் பழி போடுவதற்கு முன், அம்மா வேலை செய்வதை ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். மடியில் சுளகு, பார்வை அதற்குள். நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைக் குனிந்த நிலையிலேயே பிடரித் தசைகள் நாள் முழுவதும் பிடித்து நிறுத்துகின்றன. கைக்கோ வேறு பாடு: இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்க வேண்டும். பீடிக்கு ஐந்து அசைவு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆயிரம் பீடிக்கு ஐயாயிரம் அசைவுகள் ஆகின்றன.

அம்மாவின் கையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கலாம். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கும்போது பெருவிரலின் அடியில் சுரீரென்று வலித்தால், அங்குள்ள தசைநாண் உறை தடித்திருக்கக்கூடும். மருத்துவர்கள் இதை டி குவர்வெயின் என்பார்கள். இரவு மரத்துப்போவது பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் இருந்து, சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லையென்றால், மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் கார்பல் டனல் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இவ்விரண்டுமே உள்ளன. எனினும் சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் நரம்பு நசுங்குவதற்குத் துணைபோகும் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். பெருவிரலின் மேட்டுச் சதை வற்றத் தொடங்கியிருந்தாலோ, கையிலிருந்து பொருள்கள் நழுவி விழுந்தாலோ, நாள் கடத்தாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டிவிடுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ‘ஓய்வு எடுக்கவும்’ என்று சீட்டில் எழுதுவது மருத்துவர்களாகிய எங்களுக்கு எளிது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவருக்கு ஓய்வு என்றால் கூலி இல்லை என்றுதான் பொருள். வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருடைய இருக்கை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்க வீட்டுக்குள் யாரும் வருவதில்லை. ஆகவே அதை நீங்களே மாற்றுங்கள். முதுகு சாயும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முழங்கை உயரத்துக்கு வரும் மேசையில் சுளகை வையுங்கள். முதல் சில நாள்கள் எண்ணிக்கை குறையும், கோபித்துக்கொள்வார். கத்தரியைச் சாணை பிடித்து எண்ணெய் விடுங்கள். கட்டுகளை எண்ணி வைக்கும்போதெல்லாம் எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை அணியலாம். துணி பிழிவதும் மாவு பிசைவதும் அந்தக் கைக்கு இப்போது வேண்டாம். அவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூடை இறக்குகிறார். இடுப்பு பெல்ட் போட்டால் முதுகு தாங்குமா?
– கீழப்பாவூர் வாசகி

பதில்: நலமாக இருக்கும் முதுகை பெல்ட் காப்பாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, பெல்ட் தந்த துணிச்சலில் கூடுதலாகத் தூக்குவதுதான் நடக்கும். ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 1967இலேயே சர்வதேசப் பரிந்துரை வந்துவிட்டது. மூடையை லாரித் தட்டின் விளிம்புவரை இழுத்து, உடம்போடு அணைத்து எடுக்கட்டும். சுமையோடு இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்பட்டும். வலி ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், பாதம் தளர்ந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.