கொடுமைகளின் சின்னங்களை டீ-ஷர்ட்டிலும் கோப்பையிலும் அச்சிட்டு விற்கலாமா?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நாஜிச் சின்னம், வதைமுகாம் படம், அணுகுண்டுப் புகை போன்றவற்றை அன்றாடப் பொருள்களில் போட்டு விற்பது சரியா என்பது ஒன்று. "வெறும் படம்தானே, பிடிக்காதவர்கள் வாங்காமல் போகட்டுமே" என்பது இன்னொன்று. துணியில் அச்சிடும் படங்களை வடிவமைப்பது என் தொழில் என்பதால் இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். ஒரு சின்னத்தைப் பார்த்து "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், முகம் கொடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களிடமே பதில் சொல்ல முடிய வேண்டும். அருங்காட்சியகத்தில் அந்த ஆள் இருக்கிறார். பாடப்புத்தகத்தில் இருக்கிறார். போராட்டத்தில் பதாகை பிடிப்பவரும் அந்த ஆள்தான். கடையில் அடுக்கி வைத்த கோப்பைக்குப் பின்னால் பெரும்பாலும் யாருமே இல்லை.

2014 ஆகஸ்டில் ஜாரா என்ற ஆடை நிறுவனம் சிறு குழந்தைகளுக்கான ஒரு சட்டையை விற்பனைக்கு வைத்தது. வெள்ளையில் நீலக் கோடுகள், இடது மார்பில் ஆறு முனை கொண்ட மஞ்சள் நட்சத்திரம். பார்த்தவர்களுக்கு உடனே வதைமுகாம் கைதியின் உடை நினைவுக்கு வந்துவிட்டது. பழைய கௌபாய் படங்களில் வரும் ஷெரிஃப் என்ற காவல் அதிகாரியின் நட்சத்திரத்தை மனதில் வைத்துச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கியது. நட்சத்திரத்தின் மேல் "ஷெரிஃப்" என்ற சொல்லும் மங்கலாக இருந்தது. அந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் 1941 செப்டம்பரில் வந்த ஆணைப்படி ஜெர்மனியில் ஆறு வயது நிறைந்த யூதக் குழந்தைகள்கூட மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையின் இடது மார்பில் தைத்துக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது. அதே நிறம், அதே வடிவம், அதே இடம், அதுவும் குழந்தையின் சட்டையில். வரைந்தவர், ஒப்புதல் கொடுத்தவர், தைத்தவர், இணையத்தில் ஏற்றியவர் என்று அத்தனை கைகள் மாறியும் ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்கு அந்தச் சட்டையைவிட இதுதான் பெரிய கவலை.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு நடந்தன. ஜெர்மனியில் ஒரு மரச்சாமான் கடைத்தொடர் ரோஜாப்பூவும் பழைய கையெழுத்தும் அச்சிட்ட 5000 கோப்பைகளைச் சீனாவிலிருந்து வரவழைத்தது. பூவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த தபால்தலையில் இருந்தது ஹிட்லரின் முகம். சுவிட்சர்லாந்தின் மிக்ரோஸ் நிறுவனம் தயாரித்த காபிக் கிரீம் டப்பாக்களின் மூடியில் ஹிட்லரும் முசோலினியும் வந்தார்கள். பழைய சுருட்டுகளில் சுற்றிய காகிதப் பட்டைகளின் படங்களை எடுத்து மூடியில் போட்டிருந்தார்கள். யாரும் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. "பழங்காலத் தோற்றம்" என்று மொத்தமாக வாங்கிய படத் தொகுப்பில் வரலாறும் சேர்ந்து வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் இப்போது நிலைமை இன்னும் மோசம். ஆர்டர் வந்த பிறகே அச்சிடும் முறையில், யாரோ ஒருவர் ஒரு படத்தை ஏற்றினால் போதும். மென்பொருள் அதைச் சட்டை, கோப்பை, தலையணை உறை, கைப்பேசி உறை என்று நூறு பொருள்களில் தானாகப் பொருத்திக் கடையில் வைத்துவிடும். பொருள் என்று ஒன்று உருவாகவே இல்லை, ஆனால் விற்பனைக்கு வந்துவிட்டது. 2019 டிசம்பரில் அமேசானில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரப் பொருள்களில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் படங்கள் இருந்தன. பாட்டில் திறப்பானிலும் இருந்தது. 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது. அவுஷ்விட்ஸ் நினைவகமே பொதுவெளியில் கேட்ட பிறகுதான் அவை நீக்கப்பட்டன. இப்படி விற்பவர் வெறுப்பை விதைக்க நினைத்திருக்க வேண்டியதில்லை. சுற்றுலா இடங்களின் படங்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே போனால் அதில் அதுவும் ஒன்றாகிவிடும். அப்படி ஒன்றாகிவிடுவதுதான் என்னால் தாங்க முடியாதது.

சரி, அப்படியானால் இந்தச் சின்னங்கள் எதுவும் எந்தப் பொருளிலும் வரவே கூடாதா? இல்லை. இங்கேதான் இளஞ்சிவப்பு முக்கோணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாஜி முகாம்களில் தன்பால் ஈர்ப்புக்காக அடைக்கப்பட்ட ஆண்களின் உடையில் தைத்த அடையாளம் அது, முனை கீழ்நோக்கி இருக்கும். போர் முடிந்து முகாம்கள் திறந்த பிறகும் அவர்களுக்கு விடுதலை முழுதாகக் கிடைக்கவில்லை. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி அவர்களைச் சிறையிட்ட 175ஆம் சட்டப்பிரிவு, நாஜிகள் கடுமையாக்கிய அதே வடிவத்தில், மேற்கு ஜெர்மனியில் 1969 வரை சட்டமாகவே இருந்தது. தாங்கள் பட்டதை வெளியே சொன்னாலே குற்றவாளி என்ற நிலை. 1970களில் அங்கிருந்த தன்பால் ஈர்ப்புள்ள இளைஞர்கள் அந்த முக்கோணத்தைத் தாங்களே எடுத்து அணிந்தார்கள். 1987இல் நியூயார்க்கில், எய்ட்ஸால் நண்பர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தபோது, கறுப்புப் பின்னணியில் முனை மேலே பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்து, "மௌனம் என்றால் மரணம்" என்று கீழே எழுதிச் சுவரொட்டி ஒட்டினார்கள். பிறகு அது டீ-ஷர்ட்டிலும் சட்டையில் குத்தும் பேட்ஜிலும் வந்தது. விற்ற காசு போராட்டத்துக்குப் போனது. அதுவும் அன்றாடப் பொருள்தான், அதுவும் விற்பனைதான். ஆனால் அணிந்தவர்களிடம் போய் "இது என்ன?" என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் நின்று சொல்லியிருப்பார்கள். மற்றவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் அணிந்தார்கள்.

2015இல் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கடைத்தொடரில் சாம்பலும் வெள்ளையுமான கோடுகள் போட்ட ஒரு சுவர்த் துணி விற்பனைக்கு இருந்தது. கோடுகளுக்கு மேல் இளஞ்சிவப்பு முக்கோணங்கள். அதே முக்கோணம்தான். ஆனால் படுக்கையறைச் சுவருக்கு அழகான ஒரு வடிவம் என்பதைத் தாண்டி அந்தத் துணி யாருக்காகவும் எதையும் பேசவில்லை. சின்னம் ஒன்றே, ஒன்றை நான் மதிக்கிறேன், இன்னொன்றைத் தொடமாட்டேன். "இந்தச் சின்னங்கள் தடை, இவை அனுமதி" என்று பட்டியல் போடுகிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். அவுஷ்விட்ஸில் தாத்தா பாட்டியின் கையில் பச்சை குத்திய எண்ணை, பேரப்பிள்ளைகள் சிலர் தங்கள் கையில் குத்திக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே எண்ணை நான் ஒரு பையில் அச்சிட்டால் அது அசிங்கம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அணுகுண்டுப் புகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்லேண்ட் என்ற ஊர், பக்கத்தில் உள்ள ஹான்ஃபோர்டு அணு ஆலைத் தொழிலாளர்களுக்காகவே பெரிதாக வளர்ந்தது. நாகசாகியில் போட்ட குண்டுக்கான புளூட்டோனியம் ஹான்ஃபோர்டில் தயாரானது. அந்த ஊர்ப் பள்ளியின் சின்னம் காளான் வடிவப் புகை; சட்டைகளில் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் கேட்டால் பதில் இருக்கிறது: எங்கள் தாத்தாக்களின் உழைப்பு போரை முடித்தது, அந்தப் பெருமை எங்களுடையது என்பார்கள். என் அளவுகோல்படி அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களே? 2019இல் ஜப்பானிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வந்து அங்கே படித்த ஒரு மாணவி, பள்ளியின் காணொளி நிகழ்ச்சியிலேயே அந்தச் சின்னம் தனக்கு என்னவாகத் தெரிகிறது என்று பேசினார். அவர் ஃபுகுவோக்கா பகுதியைச் சேர்ந்தவர். 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு விழ வேண்டிய முதல் இலக்கு அந்தப் பகுதியின் கொக்குரா நகரம்தான். இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் சுமார் 70 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத்தான் அது காளான் மாதிரி தெரியும். அதன் அடியில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு வடிவமே இல்லை. ரிச்லேண்ட்காரர்களின் பெருமையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பதிலில் அடியில் இருந்தவர்களுக்கு இடமில்லை. 2018இல் ஒரு கொரியப் பாடகர் இதே புகையும், ஜப்பானிடமிருந்து கொரியா பெற்ற விடுதலையும் சேர்ந்து அச்சிட்ட டீ-ஷர்ட்டை அணிந்திருந்தது பெரிய சர்ச்சையானது. அந்தக் குண்டுகளில் சிக்கியவர்களில் கொரியர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பாடகரின் நிறுவனத்தார் பிறகு கொரியாவிலேயே வாழும் அந்தப் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்கள்.

சுத்தியல் அரிவாள் பற்றி யாராவது கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். 2018இல் அடிடாஸ் சோவியத் எழுத்தும் சின்னமும் போட்ட சிவப்பு உடை ஒன்றை விற்றபோது லிதுவேனியா கடுமையாக எதிர்த்தது, நிறுவனம் விலக்கிக்கொண்டது. 1941 ஜூனில் சில நாட்களில் மட்டும் சோவியத் ஆட்சி சுமார் 17 ஆயிரம் பேரைக் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றி நாடுகடத்தியதை நினைவில் வைத்திருக்கும் நாடு அது. உலகின் வேறு பல இடங்களில் அதே சின்னம் எட்டு மணி நேர வேலையையும் நிலத்தையும் கேட்டவர்களின் சின்னம். இரண்டும் உண்மை. கொடி பிடிக்கும் கட்சிக்காரரிடம் ஸ்டாலின் காலத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்கலாம். அவர் வாதாடுவார், சிலர் ஒப்புக்கொள்வார்கள். விளையாட்டு உடை நிறுவனத்திடம் கேட்டால் என்ன பதில் வரும்? அந்தப் பருவத்தில் சிவப்பு நிறம் எடுப்பாக இருந்தது என்பதைத் தவிர?

ஸ்வஸ்திகாவுக்கு வருகிறேன். இந்து, பௌத்த, சமண வழக்கில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் மங்கலச் சின்னத்தையும், சிவப்புக் கொடியில் வெள்ளை வட்டத்துக்குள் சாய்ந்து நிற்கும் கறுப்புச் சின்னத்தையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். வழிபடுகிறவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்பதும் அநியாயம். ஆனால் 2007இல் ஜாரா விற்ற ஒரு கைப்பையில், பூக்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே பூத்தையலாக அது வந்தது. இந்தியாவிலிருந்து வந்த பை அது. தைத்தவர் கையில் எந்தத் தப்பும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் நிறுவனம்தான் பார்த்திருக்க வேண்டும்.

இனி கருத்துச் சுதந்திரம். இதைச் சட்டத்தால் மட்டும் தீர்க்கலாம் என்று நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. அந்தக் குற்றத்தைச் செய்த அரசின் வாரிசு என்ற முறையில் அவர்களுக்கு அந்தச் சட்டம் தேவை என்பதை மதிக்கிறேன். ஆனால் 2006இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் யாருக்கு 3600 யூரோ அபராதம் போட்டது தெரியுமா? நாஜிச் சின்னத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டும், குப்பைத் தொட்டியில் எறிவது போல வரைந்தும் நாஜி எதிர்ப்புப் பொருள்களை விற்றவருக்கு. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தின் கண்ணுக்கு வடிவம் சுலபமாகத் தெரியும், நோக்கம் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

ஆனால் அரசு தடை செய்யக் கூடாது என்பதும் கடைக்காரர் விற்றே ஆக வேண்டும் என்பதும் வேறு வேறு. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியானதும், வால்மார்ட், அமேசான், ஈபே ஆகியவை அந்தக் கொடி போட்ட பொருள்களை எடுத்துவிட்டன. அது அரசின் தடையல்ல, வியாபாரிகளின் முடிவு. "அது எங்கள் பாரம்பரியம்" என்று அந்தக் கொடியை ஆதரிப்பவர்கள் வாதிட்டார்கள். 1861க்கும் 1865க்கும் நடுவில் மட்டும் பறந்த கொடியாக இருந்தால்கூட அந்த வாதம் நிற்காது. ஜார்ஜியா அதைத் தன் மாநிலக் கொடியில் சேர்த்ததே 1956இல், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்த இரண்டாவது ஆண்டில்.

என் வேலையில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத படத்தை அச்சுக்கு அனுப்புவதில்லை. பழைய தபால்தலை, பழைய சுவரொட்டி, ராணுவப் பட்டை, முத்திரை எதுவானாலும் படத்தை வைத்தே இணையத்தில் தேடி, பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடுவேன். வாடிக்கையாளர் இப்படி ஒரு சின்னத்தைக் கேட்டால், யார் அணியப் போகிறார்கள், எதற்கு என்று கேட்பேன். நினைவு நாள் கூட்டத்துக்கு என்றால் செய்து கொடுப்பேன். "பார்க்கக் கெத்தா இருக்கும்" என்றால் மாட்டேன். வாங்குகிற நீங்கள் எங்காவது இப்படி ஒன்றைக் கண்டால், பொருளின் குறியீட்டு எண்ணையும் படத்தையும் சேர்த்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை, அந்தச் சின்னம் எதனுடையது என்று இரண்டு வரியில் விளக்கினால் போதும். ஜாராவின் அந்தக் குழந்தைச் சட்டை புகார் கிளம்பிய அன்றே விற்பனையிலிருந்து போய்விட்டது.