அதிகாரமும் பலமும் ஒன்றா? மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

"போலீசுக்கு அதிகாரம் இருக்கு, அவங்க என்ன வேணும்னாலும் செய்யலாம்தானே" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் கேட்கிறான், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இந்தப் பாடத்துக்கு நான் கரும்பலகையில் வரையறை எழுதுவதில்லை, கரக் சிங்கின் கதையைச் சொல்வேன்.

உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு, அதாவது கண்காணிக்க வேண்டியவர்களைப் பற்றிக் காவல் துறை வைக்கும் பதிவு, திறந்தார்கள். அப்புறம் ஊர்க் காவல்காரரான சௌகிதாரும் சில சமயம் காவலர்களும் ராத்திரியில் வந்து கதவைத் தட்டிக் கூச்சல் போட்டு எழுப்புவார்கள் என்பது அவர் நீதிமன்றத்தில் சொன்னது. தூக்கத்திலிருந்து எழுப்பி நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் உண்டு. வெளியூர் போவதென்றால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் நிறுத்தி, "அவர்களுக்குப் பலம் இருந்ததா?" என்று கேட்பேன். எல்லாரும் ஆமாம் என்பார்கள். "அதிகாரம்?" என்றால் வகுப்பு இரண்டாகப் பிரியும்.

உச்ச நீதிமன்றத்தில் 6 நீதிபதிகள் விசாரித்தார்கள். எந்தச் சட்டத்தின்படி அந்தக் கதவைத் தட்டினீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அரசு காட்டியது காவல் துறையின் ஒழுங்குவிதிகளை. அவை சட்டமன்றம் இயற்றியவை அல்ல, எந்தச் சட்டத்தின் கீழும் போடப்பட்டவையும் அல்ல, துறை தன் ஆட்களுக்குக் கொடுத்த அறிவுரைகள் மட்டுமே. ஒருவருடைய சுதந்திரத்தைச் சட்டம் வகுத்த வழியில் தவிர வேறு வழியில் பறிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு. ஆகவே ராத்திரி வீட்டுக்கு வருவது செல்லாது என்று 1962 டிசம்பரில் தீர்ப்பானது. லத்தியும் சீருடையும் இருந்தன, பின்னால் சட்டம் இல்லை. மகனுக்கு இந்த ஒரு இடம் பிடிபட்டால் போதும்.

ஆனால் மற்றக் கண்காணிப்பு எல்லாம் தொடரலாம் என்றார்கள், அந்தரங்கம் அரசியலமைப்பு உறுதியளித்த உரிமை இல்லை என்று சொல்லி. நீதிபதிகள் சுப்பா ராவும் ஷாவும் மட்டும் கண்காணிப்புக்கான அந்த ஒழுங்குவிதி முழுவதுமே செல்லாது என்று தனியாக எழுதினார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தெரிந்தவன் எப்படிச் சுதந்திரமாக நடமாடுவான்? 2017 ஆகஸ்ட் 24-ல், ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிப் பழைய கருத்தைத் தள்ளினார்கள். ஏறக்குறைய 55 வருடம்! அரசு ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் வர வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்பதையும் அந்தத் தீர்ப்பில் படிக்கலாம்.

நானே இதில் தவறியிருக்கிறேன். பாடம் நடக்கும்போது எழுதிக்கொண்டிருந்த மாணவியிடமிருந்து ஒரு நோட்டை வாங்கினேன். அதுவரை சரி, கவனம் சிதறக் கூடாது என்பதுதான் நோக்கம், வாங்கியதோடு அது நிறைவேறிவிட்டது. பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் படித்தேன். அவள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் படிக்கும் அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, படித்துவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் சொன்னால் உங்கள் மகன் அடுத்து, "அப்போ என் போனை நீங்க பார்க்கலாமா?" என்று கேட்பான். என் மகள் கேட்டாள். பார்க்க வேண்டி வந்தால் எதற்கு என்று முதலில் சொல்வேன், உன் முன்னால்தான் பார்ப்பேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.