ஓவன் இல்லை, தாய்லாந்துப் பொருள் எதுவும் ஊரில் கிடைக்காது. தாய் சிக்கன் பீட்சா வீட்டில் செய்ய முடியுமா?

'ஊரில் எதுவும் கிடைக்காது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். நீங்களும் மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம்தான் போலிருக்கிறது. சென்னையிலிருந்து வரும்போதெல்லாம் என் நாத்தனாரும் இதையேதான் சொல்வார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இந்தப் பீட்சாவுக்கு உயிரே சாஸ்தான். தக்காளி சாஸ் பக்கம் போகாதீர்கள். வறுத்துத் தோல் புடைத்த வேர்க்கடலை ஒரு கப், பூண்டு நாலு பல், ஊறவைத்த வற்றல் மிளகாய் மூன்று, கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் கப், சோயா சாஸ் இரண்டு ஸ்பூன், கொஞ்சம் வெல்லம். எல்லாவற்றையும் மையாக அரைத்து, ஓரத்தில் எண்ணெய் கசியும்வரை சின்னத் தீயில் கிளறுங்கள். இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். தாய்லாந்துக்காரர்கள் போடும் ஒருவகை எலுமிச்சை இலைக்குப் பதிலாக, வேப்பிலைக்கட்டிக்குப் பறிக்கும் நாரத்தை இலையை நரம்பு கிழித்து, நூலாக நறுக்கிப் போடுகிறேன். அதே வாசமா என்றால் இல்லைதான். கொல்லையில் இருப்பது இது.

படங்களில் மேலே வெள்ளையாக நீளமாகக் கிடக்கிறதே, அது பாசிப்பயறு முளை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு ஈர வயலில் தெளிக்கிறோமே, அதே பயறுதான். இருட்டில் வைத்துத் தண்ணீர் தெளித்துவந்தால் நாலைந்து நாளில் நீண்டுவிடும்.

மாவுக்கு 300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும். கணக்குப் பார்த்தால் மைதாவின் எடையில் 63 சதவீதம் தண்ணீர். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் காட்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். நாங்கள் ரோட்டோரம் கொட்டிக் காயவைத்துக் கொண்டுபோனோம். அங்கே வரிசையில் கிடந்தபோது மழை வந்து திரும்ப நனைந்தது. தார்ப்பாயும் எங்கள் செலவு. கூரை போட்ட களம் ஒன்று கட்ட இத்தனை வருஷமா? சரி, கேட்டது பீட்சா.

எலும்பில்லாத சிக்கனைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பூண்டு, மிளகு, சோயா சாஸில் பிரட்டி முழுசாக வதக்கிவிடுங்கள். பச்சையாகப் போட்டால் மேலே வேகாது. கனமான இரும்பு தோசைக்கல்லில் மாவை ஒரு பக்கம் சுட்டுத் திருப்புங்கள். சுட்ட பக்கத்தில் சாஸை மெல்லிசாகத் தடவி, சிக்கன், மொசரெல்லா போட்டு, மூடி வைத்துத் தீயைக் குறையுங்கள். சீஸ் உருகியதும் இறக்கி, அப்புறம் முளைப்பயறு, துருவிய கேரட், வெங்காயத்தாள், கொத்தமல்லி தூவுங்கள். இவற்றை அடுப்பில் இருக்கும்போதே போட்டால் தண்ணீர் விட்டுவிடும்.

'தாய்லாந்தில் இதைச் சாப்பிடுவதே இல்லை' என்று கிளம்பி வருபவர்களுக்கு: நானும் அங்கே சாப்பிடுவதாகச் சொல்லவில்லை. இது அமெரிக்காவில் பிரபலமான பீட்சா. கலிஃபோர்னியா பீட்சா கிச்சன் என்ற கடை 1985-ல் பெவர்லி ஹில்ஸில் தொடங்கியது. அவர்கள் போட்டுப் பேர் வாங்கிய பீட்சாக்களில் இதுவும் ஒன்று. அவர்கள் கடலை அரைத்துத் தடவலாம், நாம் தடவக் கூடாதா? மீன் சாஸ் கிடைத்தால் சோயாவில் ஒரு ஸ்பூன் குறைத்து அதைச் சேருங்கள். வாடை பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் வேண்டாம்.