ஏரியில் திரும்பத் திரும்ப ஆகாயத்தாமரை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டி, ஜேசிபி வைத்து நான்கு நாள் அள்ளிக் கரையில் கொட்டினோம். மூன்றே மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. களைக்கொல்லி அடித்துவிடலாமா? – செங்கல்பட்டு மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: மருந்து வேண்டாம். மருந்தில் செத்த செடி அப்படியே தண்ணீருக்குள் அமிழ்ந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்தால் மீன்கள் செத்து மிதக்கும். செடியில் இருந்த சத்தும் ஏரியை விட்டுப் போகாது. அடுத்து முளைக்கும் செடிக்கு அதுதான் உரம்.

கரையில் கொட்டியதிலும் இதே சிக்கல்தான். குவியல் அழுகி, ஒரு மழை பெய்ததும் அதன் சாறு மீண்டும் ஏரிக்கே இறங்கியிருக்கும். இந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெயிலும் சத்துள்ள தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அந்தச் சத்து நைட்ரஜனும் பாஸ்பரஸும். கழிவுநீர், சோப்புத்தூள், வயல் உரம் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. அது வரும் வழியை அடைக்காமல் எத்தனை முறை அள்ளினாலும் செடி வரத்தான் செய்யும்.

அதனால் ஏரிக்குள் இறங்கும் முன் வரத்துக் கால்வாயில் நடந்து பாருங்கள். மழை விட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். வீடுகளில் குளியலும் பாத்திரம் கழுவலும் நடக்கும் காலை ஏழு மணி வாக்கில் போங்கள். மழையில்லாத நாளில் அங்கே ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். ஒரு குச்சியால் சேற்றைக் கிளறுங்கள். மை போலக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கழிவு அந்த இடத்தில் நாள்பட்டுத் தேங்கியிருக்கிறது. எந்தக் குழாய், எந்தத் தெரு வடிகால், செப்டிக் டேங்க் லாரி எங்கே திறந்துவிடுகிறது என்று கிராம வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை. கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் ஒன்று, மதகுப் பக்கம் ஒன்று என இரண்டு மாதிரி போதும். கரைந்த ஆக்சிஜனை மட்டும் கரையிலேயே கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். சாதாரண பாட்டிலில் பிடித்துப் போனால் அளவு மாறிவிடும். விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும், அப்போதே அளப்பது நல்லது. குளிக்கத் தக்க நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும். கழிவின் அளவைக் காட்டும் பிஓடி 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை இது.

மனு யாரிடம்? ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். தொழிற்சாலைக் கழிவு என்று தெரிந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். வரைபடத்தையும் பரிசோதனை முடிவையும் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. வெறும் புகாரைவிடத் தீர்மானத்துக்கு எடை அதிகம் என்பது என் அனுபவம்.

இடம் இருக்கும் வீடுகளுக்கு உறிஞ்சுகுழி போடச் சொல்லுங்கள். மிச்சமாக வரும் குளியல், சமையலறைத் தண்ணீரைக் கால்வாயின் வாயிலேயே ஒரு குழியில் தெளியவிட்டு, கல்வாழையும் சம்பும் நட்ட சரளைப் படுகை வழியாக ஏரிக்கு விடலாம். மலக்கழிவுக்கு இது உதவாது, அதைத் தடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் நடந்த பிறகு ஜேசிபியைக் கூப்பிடுங்கள். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி செடி ஒதுங்கும்போது அள்ளினால் செலவு குறையும். கரைக்கு வெளியே, நீர் வழியாத மேட்டில் கொட்டி மட்கவிடுங்கள். ஆலைக் கழிவு சேரும் ஏரி என்றால் அந்த எருவைக் காய்கறிக்குப் போடாதீர்கள். செடி கன உலோகங்களை வேரில் சேர்த்து வைத்திருக்கும்.

விதைகள் சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் மழை வந்ததும் மறுபடி முளைவிடும், பயப்பட வேண்டாம். வரத்துக் கால்வாயின் வாயில் மூங்கில்களைக் கயிற்றில் கோத்து மிதக்கவிட்டால் மேலிருந்து வரும் செடிகள் அங்கேயே தங்கும். வாரத்தில் ஒரு நாள் நாலு பேர் போய்க் கையாலேயே எடுத்துவிடலாம்.