ஜிபிஆர்176 என்ற அநாதை ஏற்பி உடல் கடிகாரத்தை ஆள்கிறதாமே, இரவுப் பணியாளர்களுக்கு அதிலிருந்து மருந்து வருமா?

இப்போதைக்கு வராது. ஆனாலும் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது. மருந்தியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளியிலிருந்து வரும் செய்தியை உயிரணுவின் மேற்பரப்பில் வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்களில் மிகப் பெரிய குடும்பம் ஜி புரத ஏற்பிகள். புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றின் வழியாகவே செயல்படுகிறது. இவற்றில் எந்த மூலக்கூறு வந்து தூண்டுகிறது என்று கண்டறியப்படாதவையே அநாதை ஏற்பிகள். 2016இல் இவை 140க்கும் மேல் இருந்தன.

அவற்றைத் தூண்டும் மூலக்கூறைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் பழைய வழக்கம். கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மசாவோ தொய், ஹிதோஷி ஒகாமுரா குழுவினர் வேறு வழியில் போனார்கள். கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் தலைமைக் கடிகாரமான ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. அங்கே செறிந்திருக்கும் அநாதை ஏற்பிகள் எவை என்று முதலில் பார்த்தார்கள். பிறகு அந்த மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகளை உருவாக்கி, அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்தார்கள். ஜிபிஆர்176 இல்லாத எலிகளுக்கு ஒரு நாளின் நீளமே குறைந்துவிட்டது. 2016இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இது வெளியானது.

என்னை வியக்க வைப்பது அதன் வேலை முறை. கடிகார உயிரணுக்களுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு பகலில் கூடி இரவில் குறைகிறது. விஐபி என்ற நரம்புப் புரதத்தின் ஏற்பி அதைக் கூட்டுகிறது. ஜிபிஆர்176 தனிப்பாதையில் நின்று குறைக்கிறது. அதுவும் எந்தத் தூண்டுதலும் இல்லாமலேயே! ஏற்பியின் செய்தியை உயிரணுவுக்குள் கடத்துபவை ஜி புரதங்கள். குறைக்கும் வேலை என்றதும் எவரும் அவற்றில் 'ஜிஐ' என்ற புரதத்தைத்தான் நினைப்பார்கள். இங்கே துணை நிற்பது அதன் அரிய உறவான 'ஜிஇசட்'. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: கக்குவான் இருமல் கிருமியின் நச்சு ஜிஐயை முடக்கிவிடும். ஜிஇசட் அதற்கு மசியாது.

தானாகவே இயங்கும் ஏற்பி என்பதால், அதை இயற்கையில் தூண்டும் மூலக்கூறைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை அடக்கும் வேதிப்பொருளை நேரடியாகத் தேடலாம். அநாதை ஏற்பியிலிருந்து மருந்து வந்ததற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. அநாதை ஏற்பிகளை ஆராய்ந்தபோது 1998இல் நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரெக்சின் என்ற மூளை மூலக்கூறு கிடைத்தது. அதன் ஏற்பிகளைத் தடுக்கும் தூக்க மருந்தான சுவோரெக்சன்ட், 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடையில் 16 ஆண்டுகள்!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இரவுப் பணி செய்பவருக்குத் தேவை, கடிகாரம் வேகமாக ஓடுவது அல்ல. புதிய நேரத்துக்கு விரைவில் நகர்வது. இந்த வகையில் ஒகாமுரா குழுவின் 2013 ஆய்வே நெருக்கமானது என்பேன். வாசோப்ரெசின் என்ற இயக்குநீரின் வி1ஏ, வி1பி ஏற்பிகள் இரண்டும் இல்லாத எலிகள், ஒளி அட்டவணையை 8 மணி நேரம் மாற்றியபோதும் மிக விரைவில் ஒத்துப்போயின.

மருந்து வரும்வரை நம் கையில் இருக்கும் வலுவான கருவி ஒளிதான். பணியின் முற்பகுதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். வாகனம் ஓட்டினால் மட்டும் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து. உறங்கும் அறை நன்றாக இருட்டாக இருக்கட்டும்.