நடுவழியில் வண்டி நின்றால்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வழியில் நின்றுபோன வண்டிகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் தந்திருக்கிறோம்.

நான்கு வழிச் சாலையில் கார் அணைந்துவிட்டது. ஓரம் கட்டிவிட்டு, குழந்தைகளோடு உள்ளேயே உட்கார்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தோம். வழியே போன ஒருவர் நிறுத்தி, “முதல்ல எல்லாரும் கீழ இறங்குங்க” என்று சத்தம் போட்டார். காருக்குள் இருப்பதுதானே பாதுகாப்பு?
- ஒரு வாசகி, விழுப்புரம்

அவர் சத்தம் போட்டதில் தவறே இல்லை. நெடுஞ்சாலையில் நின்ற வண்டிக்குப் பெரிய ஆபத்து பின்னாலிருந்து வரும் லாரிதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் கவனித்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒன்றரை நொடி ஆகும். பிரேக் நன்றாக இருந்தாலும் வண்டி நிற்க மொத்தம் 80 மீட்டர் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

எஞ்சின் அணைந்தாலும் வண்டி உருண்டுகொண்டிருக்கும். அந்த வேகம் தீர்வதற்குள் வெள்ளைக் கோட்டுக்கு இடப்புறம், முடிந்தால் மண் தரை வரைக்கும் கொண்டுபோய்விடுங்கள். நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். இரவென்றால் பார்க்கிங் லைட்டும் எரியட்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். இறங்கிய பிறகு காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. இடிபட்டால் கார் பாய்வது முன்னோக்கித்தான். தடுப்புக் கம்பிக்கு அப்பால், காருக்குச் சற்றுப் பின்தள்ளி நில்லுங்கள்.

காருடன் வந்த சிவப்பு முக்கோணத்தைப் பலர் பம்பருக்குப் பத்தடி பின்னால் வைத்துவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும். சாதாரண நடையில் சுமார் 130 எட்டு. வளைவிலோ மேட்டுக்கு அப்பாலோ நின்றிருந்தால் வளைவுக்கும் மேட்டுக்கும் முன்பே வைத்தாக வேண்டும். வைக்கப் போகும்போது முக்கோணத்தை வரும் வண்டிகளின் பக்கம் காட்டியபடி, மண் ஓரமாகவே நடங்கள்.

முக்கோணம் இல்லையென்று கல்லையும் மரக்கிளையையும் சாலையில் அடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வண்டி கிளம்பியதும் அவற்றை அப்படியே விட்டுப் போவதும் நம் பழக்கமே. இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுவது பின்னால் வரும் பைக்காரர். அவசரத்துக்குக் கிளை வைத்தால், கிளம்பும் முன் எடுத்துப் போட்டுவிட்டே கிளம்புங்கள்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். சாலையை மறிக்காத பாதுகாப்பான இடத்துக்கு வண்டியை நகர்த்துவதே அந்தக் கிரேனின் வேலை. ஊர்ப் பட்டறை வரை இழுத்துவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். “எங்கே நிற்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். மஞ்சள் தலை வைத்த மைல்கல்லில் இருக்கும் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். திசையைச் சொல்லாவிட்டால் ரோந்து வண்டி எதிர்ப்பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டு காரிலிருந்து ஜம்பர் கேபிள் மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் தீப்பொறி பறந்தது. எதை எங்கே மாட்ட வேண்டும்? அவசரத்துக்கு லாரியிலிருந்து எடுக்கலாமா?
- ஒரு வாசகர், நாமக்கல்

லாரி, பஸ் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். காரின் மின்னணுப் பெட்டிகள் ஒரு நொடியில் போய்விடும்.

கேபிளைக் கையில் எடுக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள். சாவியைத் திருப்பினால் ‘டகடகடக’ என்று வேகமாகச் சத்தம் வந்து விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது. விளக்கு பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் பெரும்பாலும் செல்ஃப் மோட்டார் கோளாறு. ஜம்பர் போட்டும் பயனிருக்காது. எதுவுமே எரியவில்லை என்றால் முதலில் பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பல கார்களில் 10 எம்.எம். ஸ்பேனரால் அதை இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வீட்டில் வைத்துச் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்யலாம்.

பேட்டரிதான் என்று உறுதியானால் இரண்டு வண்டிகளையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். சிவப்புக் கேபிளை இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அடுத்து கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையை இறந்த பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடிக்க விடுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கத்தான் செய்யும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுவதால், அந்தப் பொறி பேட்டரிக்குத் தள்ளி நடக்க வேண்டும். நீங்கள் பார்த்த பொறி அந்தக் கடைசி இணைப்பில் வந்ததாகத்தான் இருக்கும்.

உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு நின்ற காரின் சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். கிளம்பியதும் மாட்டிய வரிசைக்கு நேரெதிராகக் கழற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் மெயின் ஃபியூஸும் ஆல்டர்னேட்டரின் டையோடும் புகைந்துபோகும், இரண்டு காரிலும். பேட்டரியின் மேல் இருக்கும் குறியை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

கேபிள் வாங்கும்போது உறையின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே செம்பு 16 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மெல்லிய கம்பி சூடேறுமே தவிர செல்ஃப் சுற்றாது.

ஸ்டெப்னி மாற்றும்போது ஜாக்கி சரிந்து கார் கீழே இறங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் இருந்தேன். ஏன் இப்படி?
- ஒரு வாசகர், தேனி

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் மிச்சம் இருப்பது ஒன்று. அதனால்தான் ஹேண்ட்பிரேக்கோடு முதல் கியரும் போடச் சொல்கிறோம். கியரை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தால், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுப்பு வழியாக அது எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் முன் சக்கரம் உருண்டுவிடும். இரண்டையும் போட்டு, தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்தின் இருபக்கமும் கல் வையுங்கள்.

நட்டுகளைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. ஒவ்வொன்றும் அரைச் சுற்று போதும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் கார் ஆடி ஜாக்கி சரியும், உங்களுக்கு நடந்ததும் அதுவாக இருக்கலாம். மண் தரையில் ஜாக்கிக்கு அடியில் ஓரடிப் பலகை வேண்டும். கதவுக்குக் கீழே விளிம்பில் வெட்டு அடையாளம் இருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கியை வையுங்கள். கழற்ற வேண்டிய சக்கரத்தைத் தூக்கும் முன்பே ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டால், ஜாக்கி போனாலும் கார் அதன்மேல் உட்காரும்.

நட்டெல்லாம் கழற்றியும் சக்கரம் வரவில்லையா? ஹப்பில் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. நட்டுகளைத் திரும்பப் பாதி மாட்டி, காரை இறக்கி, ஓரடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால் விட்டுக்கொடுக்கும். தூக்கிய நிலையில் உதைக்காதீர்கள். மாட்டும்போது நட்டுகளை வட்டமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மற்ற டயர்களுக்கு 32 அடித்தால் அதற்கு 35 அடித்து வையுங்கள். 2020 முதல், காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் ட்யூப்லெஸ் டயரும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று விதி மாறிவிட்டது. புதுக் கார் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொல்லிமலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனது. சற்று நேரத்தில் தானாகவே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகர், ராசிபுரம்

கூடாது. கூலண்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். அது ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போகும் நேரம்.

முள் ஏறும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். உங்களுக்கு வேர்க்கும், எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். அதற்குள் நிறுத்த இடம் தேடுங்கள். ஆவி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு கனத்த துணி போட்டுக் கால் சுற்று திருப்பி, சீறல் அடங்கியதும் முழுதாகத் திறங்கள். கூலண்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் ஊற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாக. சூடான எஞ்சினுக்குள் ஒரேயடியாகக் குளிர்ந்த நீர் இறங்கினால் அலுமினிய ஹெட் கோணிவிடும். பிறகு ஃபேன் சுற்றுகிறதா, ஹோஸில் ஒழுகல் இருக்கிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், பல நேரம் அதுதான்.

அந்த மலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் அரை மணி நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மழைநீரில் போகும்போது கார் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை

ஒரு தடவைகூட வேண்டாம். காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், கனெக்டிங் ராட் வளையும். சில ஆயிரத்தில் முடியும் வேலை லட்சத்துக்குப் போவது அந்த ஒரு சாவித் திருப்பலில். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். பட்டறையில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுற்றவிட்டு, உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றுவார்கள். நாள் கடத்தினால் சிலிண்டர் துருவேறும். சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்துக்குப் பணம் தராது, ‘எஞ்சின் புரொடெக்ஷன்’ என்ற கூடுதல் இணைப்பு வேண்டும். நின்ற பிறகு நாம் ஸ்டார்ட் செய்தது தெரிந்தால் அதிலும் தகராறு வரும்.

இரவில் யாராவது கைகாட்டினால் நிறுத்தப் பயமாக இருக்கிறது. நிறுத்தாமல் போனால் மனசு கேட்கவில்லை. விபத்தாக இருந்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

நிறுத்தித்தான் உதவ வேண்டும் என்பதில்லை. அவர்களைத் தாண்டி, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடை அருகிலோ நிறுத்தி 1033 அல்லது 112-க்கு மைல்கல் எண்ணைச் சொன்னால் பெரிய உதவி முடிந்தது. பேசிப் பார்க்க நினைத்தால், நின்ற வண்டியைத் தாண்டி நிறுத்துங்கள், எஞ்சின் ஓடட்டும், கதவு பூட்டியிருக்கட்டும், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிக் கேளுங்கள். உண்மையிலேயே சிக்கலில் இருப்பவர், “போன் மட்டும் பண்ணிச் சொல்றேன்” என்றால் நிம்மதியடைவார். அதற்குச் சம்மதிக்காமல் இறங்கி வரச் சொல்லியே வற்புறுத்தினால் கிளம்பிவிடுங்கள்.

விபத்து பற்றிய பயம் பழைய காலத்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ பிரிவு சேர்ந்தது, 2020-ல் விதிகளும் வந்தன. பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது. சாட்சியாக வருவது உங்கள் விருப்பம். மருத்துவமனை உங்களை நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-ஐ அழைத்துவிட்டு, தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாதவரை அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள். தண்ணீரும் கொடுக்காதீர்கள்.

ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? மின்சாரக் காரை?
- ஒரு வாசகர், ஓசூர்

இரண்டுக்கும் மேலே ஏற்றிச் செல்லும் வண்டிதான். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உற்பத்தியாகும். சாதாரண கியர் காரை இழுக்கலாம், மெதுவாக மட்டும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவி ‘ஆன்’ நிலையில் இருக்கட்டும். எஞ்சின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும் என்பதை இழுபடும் காரில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பைக்கின் கிளட்ச் கேபிள் நடுவழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமா?
- ஒரு வாசகர், பழனி

ஓட்டியே போகலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, காலால் உந்தி நடை வேகத்துக்குக் கொண்டுவந்து முதல் கியரை அழுத்துங்கள். ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொள்ளும். அடுத்த கியர்களுக்கு ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு மாற்றினால் போதும். நிற்கும் முன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். நெரிசலில் இது சரிப்படாது, காலியான சாலையில் அடுத்த ஊர் பட்டறை வரை போகலாம். கேபிள் பெரும்பாலும் கைப்பிடி முனையில்தான் இழை இழையாகப் பிரிந்து அறும். மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள். வெளியூர் போகிறவர்கள் புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் கூடவே டேப் சுற்றிக் கட்டி வைத்துக்கொள்ளலாம்.