புதுநன்மைக்கு வெள்ளை கவுனா, பட்டுப் பாவாடையா?

சார் வணக்கம். பாபநாசம் பக்கம் எங்க ஊரு. அடுத்த மாசம் பொண்ணுக்கு புதுநன்மை, முதல் தடவையா நற்கருணை வாங்கப் போறா. க்ளாஸ் எடுக்குற சிஸ்டர் வெள்ளை கவுன்தான்னு சொல்லிட்டாங்க. மாமியார் (கல்யாணமாகி வந்தப்புறம் ஞானஸ்நானம் வாங்குனவங்க) சின்னப் புள்ளைக்கு தலையோட கால் வெள்ளையா? வேணாம், பட்டுப் பாவாடை எடுங்கன்னு ஒரே பிடி. அண்ணன் பையனுக்கு உறுதிபூசுதல் (ஆயர், அதாவது பிஷப், நெத்தியில எண்ணெய் பூசுற சடங்கு), அதுக்கு சிவப்பு சட்டை போடணுமாமே? சட்டம் உண்டா சார்?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

புதுநன்மைக்கு இன்ன கலர்தான்னு திருச்சபை சட்டம் எதுவும் கிடையாதும்மா. சடங்கு புஸ்தகத்துல வெள்ளை வர்றது ஞானஸ்நானத்துக்குத்தான். தண்ணி ஊத்தி கிறிஸ்மாங்கற அபிஷேக எண்ணெய் பூசினதும் சாமியார் ஒரு வெள்ளைத் துணியை புள்ளை மேல போடுவாரே, அதுதான், பவுல் கலாத்தியர் 3:27-ல கிறிஸ்துவை அணிஞ்சுக்கிட்டீங்கன்னு எழுதுனது அப்படியே சடங்கா நிக்குது. ஆதியில பெரியவங்களுக்கு ஈஸ்டர் ராத்திரி ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நன்மை மூணும் ஒரே பூசையில கிடைச்சிரும், அந்த வெள்ளை அங்கியோடவே ஒரு வாரம் கோயிலுக்கு வந்து போவாங்க. அப்புறம் மேற்குல மூணும் தனித்தனியா பிரிஞ்சு போச்சு, 1910-ல போப்பா இருந்த பத்தாம் பத்திநாதர் ஏழு வயசு வாக்குல புத்தி தெளிஞ்சா நன்மை குடுக்கலாம்னு வயசைக் குறைச்சாரு. கவுனும் தலையில வலையும் பூ கிரீடமும் ஐரோப்பாக்காரங்க பழக்கம், மிஷனரிங்களோட வந்தது.

இன்னொண்ணு, பெரியவங்க ஞானஸ்நான சடங்குல அந்த ஆடை வெள்ளையா இருக்கலாம், இல்லேன்னா ஊர் வழக்கத்துக்கு ஏத்த வேற கலராவும் இருக்கலாம்னு புஸ்தகமே சொல்லுது. அதனால உங்க மாமியாரை பழைய பஞ்சாங்கம்னு ஒதுக்காதீங்க. தாலி அறுத்த பொம்பளைக்கு வெள்ளைச் சீலை குடுத்த ஊருங்க இது, மங்கலம்னா மாயவரம் கூறைநாட்டுச் சிவப்புதான், நம்ம கத்தோலிக்கப் பொண்ணுங்களே எத்தனை பேரு கூறைப்புடவையில தாலி வாங்குது. அவங்க பயம் அங்கேர்ந்து வருது.

ஆனா சிஸ்டர் பக்கமும் நியாயம் இருக்கு. அவங்களுக்கு கலரை விட எல்லா புள்ளையும் ஒண்ணா தெரியணும்ங்கறதுதான் முக்கியமா இருக்கும், ஒருத்தி ஜரிகையில மினுங்க பக்கத்துல இன்னொருத்தி சாயம் போன சுடிதார்ல நின்னா அது பந்தியில ஆள் பாத்து பரிமாறுற மாதிரி ஆயிடும். அதனால தனியா அடம் பிடிக்காம மத்த அம்மாக்களையும் கூட்டிக்கிட்டு பங்கு சாமியாரைப் பாருங்க, எல்லாருக்குமே ஆஃப் ஒயிட்ல கலர் பார்டர் வச்ச பாவாடை சட்டைன்னு கேளுங்க. பட்டே வேணும்னு இல்ல, காட்டன் போதும், ஒரு நாள் கூத்துக்கு யாரும் கடன் வாங்கக் கூடாது பாருங்க. சாமியார் முடியாதுன்னா கவுனையே போட்டுருங்க, தலையில நல்லா கனகாம்பரம் வச்சு விட்டா மாமியாரும் சமாதானம் ஆயிடுவாங்க.

அண்ணன் பையன் விஷயம் சிம்பிள். சிவப்பு ஆயரோட பூசை உடுப்புக்கு, பெந்தகோஸ்தே அன்னைக்கு தூய ஆவி நெருப்பு நாக்கா இறங்கினதுக்காக, அதுலயும் வெள்ளை போடலாம்னு அனுமதி உண்டு. பையன் சுத்தமா எதைப் போட்டாலும் சரி, புதுச் சட்டையா இருந்தா நெத்தியில பூசுற எண்ணெய் வழிஞ்சு காலர்ல படாம பாத்துக்கச் சொல்லுங்க.

பாவாடைன்னு முடிவானா ரெண்டு இன்ச் உள்ள மடிச்சு தைக்கச் சொல்லுங்க. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கும் போட்டுக்கலாம், கவுன்னா அது பீரோவுலதான் கிடக்கும்.